ஏழு அளவுகளும் தொலைந்த எலும்புகளும்

சேர்வராயன் மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தடயவியல் மானிடவியல் கருத்தரங்குக்கு இத்தனை பேர் கூடியிருப்பதில் மகிழ்ச்சி. தலைமையுரை நீண்டால் சாப்பாடு ஆறிவிடும் என்று அமைப்பாளர்கள் என் காதில் போட்டுவிட்டார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1937 ஜூனில் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிச் சென்ற விமானி அமீலியா ஏர்ஹார்ட், ஜூலை 2 அன்று பசிபிக் கடல்மேல் காணாமற்போனார். 1940இல் அதே கடலின் நிக்குமரோரோ தீவில், அவருடையவையோ என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு மண்டையோடும் சில எலும்புகளும் கிடைத்தன. மறு ஆண்டு ஃபிஜியில் மருத்துவர் ஹூட்லெஸ் அவற்றை அளந்து, அவை ஓர் ஆணுடையவை என்று எழுதினார். பிறகு எலும்புகள் தொலைந்தன. மிஞ்சியவை ஏழே அளவுகள்: மண்டையோட்டில் நான்கு, கை கால் எலும்புகளில் மூன்று. 2015இல் ஆய்வாளர்கள் கிராஸும் ரைட்டும் ஹூட்லெஸ் சொன்னதே சரி என்றார்கள். 2018இல் மானிடவியலாளர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ், தம் ஒப்பீட்டுத் தொகுப்பில் உள்ளவர்களில் 99 சதவீதத்தினரைவிட ஏர்ஹார்ட்டே அந்த அளவுகளுக்கு நெருக்கமானவர் என்றார். நெருக்கம் வேறு, அடையாளம் வேறு. எலும்பு கையில் இருந்திருந்தால் மரபணுச் சோதனையே வழக்கை முடித்திருக்கும்.

ஹூட்லெஸ் உயரம் கணிக்கப் பயன்படுத்தியதாகக் கருதப்படும் பியர்சன் சூத்திரம் 1899இல் பிரெஞ்சுக்காரர்களின் உடல் அளவுகளிலிருந்து பிறந்தது. அவரைக் குறை சொல்லுமுன் நம்மைப் பார்ப்போம். நாமக்கல்லில் கிணற்றடியில் கிடைக்கும் தொடை எலும்புக்கும் எங்கோ வாழ்ந்தவர்களின் கணக்கைத்தானே பல நேரம் போடுகிறோம்?

காணாமற்போனவர்களைத் தேடி அடையாளம் காணும் கேள்வி நம் கடலுக்கும் மலைக்கும் புதிதல்ல. 1968 பிப்ரவரி 7 அன்று 102 பேருடன் இமாசலப் பிரதேசத்தின் ரோதாங் கணவாய்ப் பக்கம் மறைந்த விமானப்படையின் ஏஎன்-12 விமானத்தின் சிதைவுகள் 2003இல்தான் பனியாற்றில் தென்பட்டன. 2024இல்கூட நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் விழுந்தபோது, கடலடியிலிருந்து வந்த எலும்புகள்தான் குடும்பங்களுக்குப் பதில் தந்தன. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 விமானத்தின் சிதைவை, 2024இல் சென்னைக்கு 310 கி.மீ. தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் படம்பிடித்தது.

1849இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தின் வழிவந்த தடயவியல் துறை நம்முடையது. பழைய கோப்பு தூசி பிடிக்கலாம். எலும்பு தொலையக் கூடாது. ஆகவே இரண்டு தீர்மானங்களை இந்தக் கருத்தரங்கு நிறைவேற்ற வேண்டும். அடையாளம் தெரியாத எலும்புகளை எண்ணிட்டுப் பாதுகாக்க மாவட்டந்தோறும் ஓர் அறை வேண்டும். சேலம், நாமக்கல் மக்களின் அளவுகளைக் கொண்டே உயரச் சூத்திரம் உருவாக்க ஒரு குழுவை இன்று மாலைக்குள் அமைத்துவிடுங்கள்.