ஒற்றைச் சுவரும் சாரல் மழையும்

(தொழிற்சங்கத் தலைவர்மார், தலைவிமார் கூட்டத்தில் கல்முனைப் பகுதி மேசன் ஒருவர் ஆற்றிய உரை)

 

கடற்கரை ஊரில் இருந்து வந்த மேசனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காற்றோடு வந்து சுவரில் அடிக்கும் மழை எங்களுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். அதனால்தான் வந்தேன்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர் என்று கட்டி, நடுவில் இரண்டு அங்குலம் போல இடைவெளி விடுவார்கள். வெளிச்சுவரைத் தாண்டுகிற தண்ணீர் அந்த இடைவெளியில் கீழே வடிந்துவிடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கள் ஊர்களில் இருப்பதெல்லாம் ஒற்றைச் சுவர். உங்கள் லயமும் ஒற்றைச் சுவர். காணியில் எழும்புகிற புது வீடும் ஒற்றைச் சுவர்தான்.

ஒற்றைச் சுவர் மழையில் நனையும். மழை விட்டதும் காய வேண்டும். காய்வதற்குள் அடுத்த மழை வந்தால் ஈரம் உள்ளே இறங்கும். பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் கூடும். ஆகவே வேலை இரண்டு: நனைவதைக் குறைக்க வேண்டும், நனைந்ததைக் காயவிட வேண்டும்.

முதலில் மழை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஐப்பசி தொடங்கி தை வரை வாடைக் காற்று. கடலைப் பார்த்த சுவர்தான் அடி வாங்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கால் அடிக்கும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். பசறை, மடூல்சீமைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கால் வரும். அடி வாங்குகிற சுவருக்கு முதலில் காசைச் செலவழியுங்கள்.

அந்தச் சுவருக்குக் குடை தாவாரம். இரண்டடியாவது வெளியே நீளட்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் நாங்கள். நீட்டிய தாவாரத்தைக் காற்று தூக்கும் என்று தெரியும். ஓடாவியிடம் சொல்லி கூரைமரத்தைச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள். பீலி ஓட்டையாக இருந்தால் தாவாரம் இருந்தும் பயனில்லை.

அடுத்தது பூச்சு. சீமெந்து கூடினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடும் பூச்சு மயிர்க்கோடு போல வெடிக்கும். தண்ணீர் அந்த வெடிப்பால் உள்ளே போகும். திரும்பி வெளியே வர வழியில்லை. பழைய லயச் சுவரின் கல்லும் சாந்தும் மென்மையானவை. அதன் மேல் கடும் சீமெந்து பூசினால் ஈரம் காம்பறாவுக்குள்தான் வரும். 1 பங்கு சீமெந்து, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 6 பங்கு மணல் நல்ல கலவை. பூசுமுன் சுவரை நனையுங்கள். பூசிய பின் சில நாள் ஈரமாக வைத்திருங்கள். பெருமழைக் காலத்தில் பூசாதீர்கள்.

மணலையும் பாருங்கள். எங்கள் பக்கம் கழுவாத கடல்மணலில் கட்டிய சுவர் உப்புக் கக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். உங்கள் பக்கம் களிமண் கலந்த மணல் வரும். அதுவும் பூச்சை வெடிக்க வைக்கும்.

கீழே இருந்தும் ஈரம் ஏறும். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் படை, மேசன்மார் சொல்லும் டி.பி.சி., கட்டாயம் வேண்டும். வீட்டின் பின்பக்க மண்மேடு சுவரைத் தொட்டபடி இருந்தால் அதை வெட்டி, தரையை விட அரை அடியாவது தாழ்வாகக் கான் வெட்டுங்கள். யன்னலுக்கு மேல் நீட்டிய கொங்கிறீட் தட்டின் அடியில், ஓரத்தை ஒட்டி நீளத்துக்கு ஒரு காடி விடச் சொல்லுங்கள். தண்ணீர் அதற்கு அப்பால் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இதையெல்லாம் ஏன் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன்? ஈரச் சுவருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் புகாத பெயின்ட் வாங்குகிறோம். எத்தனை பேர் போட்ட சம்பளம் அது! கூரையும் பீலியும் கானும் சரியில்லாத சுவரில் அந்தப் பெயின்ட் ஒரு மாரியில் உரிந்து விழும்.

ஆகவே தலைவர்மாரே, புது வீட்டின் சாவியை வாங்குமுன் ஐந்தைப் பாருங்கள்: தாவாரம், பீலி, பூச்சு வெடிப்பு, யன்னல் காடி, பின்பக்கக் கான். டி.பி.சி. பூச்சுக்குள் மறைந்துவிடும், அதை அத்திவாரம் முடிந்த அன்றே பாருங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். லயத்தில் இருப்பவர்கள் எந்தக் காம்பறாவில் எந்தச் சுவர் நனைகிறது என்று பட்டியல் எடுத்து, தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்திடம் மகஜராகக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன் கொடுங்கள்.