ஒரு கேள்வியும் கேட்காத கம்பெனி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன், அவ்வளவுதான். "நீ ஆம்புலன்ஸ் வேலைக்குப் போன கதையைச் சொல்லு, நம்ம பிள்ளைங்களுக்கு உதவும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் வந்து நிற்கிறேன்.

நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள். அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், தையல் மெஷின். நம்ம சங்கத்தில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கித்தான் அவசரகால மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். இ.எம்.டி. என்று சொல்வார்கள். டிரைவர் முன்னால் வண்டி ஓட்டுவார், பின்னால் நோயாளியோடு இருப்பது நாம். பி.பி. பார்ப்பது, ரத்தம் நிறுத்துவது, ஆக்சிஜன் வைப்பது, நெஞ்சு நின்றுபோனால் அமுக்குவது எல்லாம் நம் வேலை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அமுக்க வேண்டும். 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-ல் வந்தது. அந்த வேலைக்கான முகாமுக்கும் போனேன். அவர்கள் கேட்ட வயதை நான் தாண்டியிருந்தேன். அதனால் தனியார் கம்பெனியைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் போன கம்பெனியில் முதலாளி சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்தார். "நாளைக்கே சேர்ந்துக்கறியாம்மா?" என்றார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. சம்பளத்தை வாயால் சொன்னார். "ஒரிஜினலைக் குடுத்துட்டுப் போ, பாதியில ஓடிடக் கூடாதுல்ல" என்றார். கொடுத்துவிட்டேன். சங்கத்தில் 100 ரூபாய் கட்டினாலும் பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள் ராத்திரி. மூச்சுத் திணறலில் ஒரு பெரியவர். சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். கூட அவர் மகள். வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் சிலிண்டர் முள்ளைப் பார்த்தேன். 40-ல் நிற்கிறது.

கணக்குப் பாருங்கள். நம் வண்டியில் வைக்கிற சின்ன சிலிண்டர் நிறைந்திருந்தால் முள் 150-ல் இருக்கும், உள்ளே சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். 40 என்றால் 400 லிட்டர். பெரியவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது. அப்படியானால் 40 நிமிடம்தான் வரும். பயணம் 90 நிமிடம். இன்னொரு சிலிண்டர் இருந்தது, திறந்தேன், காலி.

"போயிடலாம்க்கா, எப்பவும் இப்படித்தான்" என்றார் டிரைவர் தம்பி. "முடியாது தம்பி, வழியில இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பு" என்றேன். அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். பிறகு 108 வண்டி வந்து அவரைக் கொண்டுபோனது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலி சிலிண்டரை வைத்தது கம்பெனி. ஆனால் வண்டி கிளம்பும் முன்னால் முள்ளைப் பார்த்திருக்க வேண்டியது நான். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். "அதெல்லாம் பார்த்தா தொழில் பண்ண முடியாது" என்றார். வேலை வேண்டாம் என்றேன். "ஆறு மாசம் பார்க்காம சர்டிபிகேட் கிடையாது" என்றார். அழுதுகொண்டு வந்து ஊக்குநர் அக்காவிடம்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க எழுதிய மனுவை முதலாளியிடம் வாசித்துக் காட்டினார். அரை மணி நேரத்தில் சர்டிபிகேட் கைக்கு வந்தது. ஆறு நாள் சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை.

அடுத்த கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோது ஊக்குநர் அக்கா சொன்னது ஒன்றுதான்: "கடன் குடுக்கும்போது நாம எத்தனை கேள்வி கேக்கறோம்? உன் உழைப்பைக் குடுக்கப் போறே, கேட்டுட்டுக் குடு."

அங்கே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பொம்மையில் நெஞ்சு அமுக்கிக் காட்டச் சொன்னார்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கச் சொன்னார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு நிம்மதி. கேள்வி கேட்கிற கம்பெனிக்குத்தான் நோயாளி மேல் அக்கறை இருக்கிறது.

பிறகு நான் கேட்டேன். உங்கள் பிள்ளைகளும் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, வண்டியைக் காட்டுங்கள். இரண்டு சிலிண்டரும் நிறைந்திருக்கிறதா, சளி உறிஞ்சும் மெஷின் ஓடுகிறதா, டூட்டி மாறும்போது சரிபார்த்துக் கையெழுத்துப் போட நோட்டு இருக்கிறதா?

இரண்டாவது, எந்த மாதிரி நோயாளியோடு என்னை அனுப்புவீர்கள்? வென்டிலேட்டரில் இருக்கிறவரோடு அடிப்படைப் பயிற்சி மட்டும் படித்தவளைத் தனியாக அனுப்பக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ கூட வர வேண்டும்.

மூன்றாவது, நியமன ஆணை எழுத்தில் வேண்டும். சம்பளம், டூட்டி நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, இ.எஸ்.ஐ. உண்டா? 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அவர்கள் போடுவது 3.25 சதவீதம். 10,000 ரூபாய்க்கு நம் பங்கு 75 ரூபாய்தான்.

ஐந்தாவது, சர்டிபிகேட் நகல்தான் தருவேன். ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாவது, ராத்திரி டூட்டியில் பெண்களுக்குப் பூட்டுப் போட்ட அறை, கழிப்பறை உண்டா? 10 பேர் வேலை பார்த்தால் 2013-ம் வருடச் சட்டப்படி பாலியல் புகார் குழுவும் இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஏழாவது, ரத்தத்தில் கை வைக்கிற வேலை இது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும். கையுறையும் கம்பெனிதான் தர வேண்டும்.

இரண்டு கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை. பூட்டுப் போட்ட அறை இல்லை, புகார் குழு இல்லை. "அடுத்த மாசம் ஏற்பாடு பண்றோம்" என்றார்கள். "அதையும் எழுதிக் குடுங்க சார்" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். அறை வந்துவிட்டது. குழுவைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சங்கக் கடனில் இன்னும் ஆறு தவணை பாக்கி. கையில் சர்டிபிகேட் இருக்கிறது, மாதம் சம்பளச் சீட்டு வருகிறது. வண்டி கிளம்பும் முன்னால் முதலில் என் கண் போவது சிலிண்டர் முள்ளுக்குத்தான்.

கூட்டமைப்பிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் உறுப்பினர் வீட்டுப் பெண் எந்தத் தனியார் வேலைக்கு முதல் தடவையாகப் போனாலும், ஒரு உறுப்பினர் கூடப் போக வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். போகிற செலவு பஸ் டிக்கெட்தான். அன்றைக்கு எனக்குத் துணையாக யாராவது வந்திருந்தால், அந்தப் பெரியவரின் மகள் வண்டியில் அப்படித் தவித்திருக்க வேண்டியதில்லை.