வித்வான் யார்?

(சங்கத்தின் திருப்பதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். 'வித்வான்' என்பதே அது.

'வித்' என்ற ஸம்ஸ்கிருத தாதுவுக்கு 'அறிதல்' என்று பொருள். வேதம், வித்யை எல்லாம் அதிலிருந்து வந்தவையே. வித்வான் என்றால் அறிந்தவர், பெண்ணானால் விதுஷி. பாட்டு, வாத்யம் என்ற அர்த்தமே அதில் இல்லை. உ.வே.சாமிநாதையரின் குருவான மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மகாவித்வான் என்றது தமிழ்ப் புலமைக்காக. ஸங்கீதம் அறிந்தவர்களுக்கும் அதே சொல் வழங்கி, இன்று அவர்களுக்கே சொந்தம் போல் ஆகிவிட்டது.

உதாரணத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டாம். காஞ்சீபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்ற சித்தூர் சுப்ரமணிய பிள்ளை, 1954ல் ஸங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். மதுரை சோமுவின் குரு. இங்கே திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் 'ஆஸ்தான வித்வான்' என்று ஒரு கௌரவம் உண்டு. எம்.எஸ். அம்மாவும் அதைப் பெற்றவர். இன்ன குலம், ஆண், பெண் என்பதல்ல, வித்யைதான் கணக்கு.

இவ்வளவு தெரிந்த நானே தவறினேன். என் பெண்ணின் கல்யாணம் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் நடந்தது. ரிஸப்ஷனில் பாட வந்த இளைஞரைப் பத்திரிகையில் 'வித்வான்' என்று போட்டிருந்தேன். நாதஸ்வரக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ஜானவாஸத்தில் அரை மணி நேரம் தோடி வாசித்தார். செலவு நோட்டில் நான் எழுதியிருந்ததோ, "மேளம் – 1 செட்".

சித்தூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் நோட்டைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, அந்தத் தோடியை வாசிச்சவருக்குப் பேர் கிடையாதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால், கடைசிப் பந்தியில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்து பேரைக் கேட்டுக்கொண்டேன். ஸம்பாவனை கொடுக்கும்போது அந்தப் பேரை 'நாதஸ்வர வித்வான்' என்று சேர்த்து மைக்கில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒத்து ஊதிய பேரனை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

மந்திரம் சொல்பவரை சாஸ்திரிகள் என்று மரியாதையாக அழைக்கிறோம். அவர் சொன்னதும் கெட்டிமேளம் கொட்டினால்தான் நமக்குத் திருமாங்கல்ய தாரணம். அதைக் கொட்டுகிறவருக்குப் பேர் வேண்டாமா?

உங்கள் க்ருஹத்தில் அடுத்த கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது நாதஸ்வர வித்வான், தவில் வித்வான் பேர்களையும் போடுங்கள். இரண்டு வரிதான்.