மாரமங்கலத்தில் ஒரு பழைய மோட்டார் வண்டி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் ஊடே சென்றால் மாரமங்கலத்தை அடையலாம். சில மாதங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் என்னை அவ்வூருக்கு அழைத்துச் சென்றான். அவன் பொறியியற் கல்லூரி மாணவன். தோட்டமொன்றில், காப்பிக் கொட்டை உலர்த்தும் களத்தை ஒட்டிய கொட்டகையில், பழுதுற்ற மோட்டார் வண்டியொன்று விலைக்கு நின்றிருந்தது. "வாங்கிப் புதுப்பிக்கலாமா, மாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றான். கேட்ட விலையோ, அவன் ஈராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதும். ஆகவே விடை கூற நான் தயங்கினேன்.

வண்டியின் பெயர் 'ஸ்டாண்டர்டு 2000'. அதன் மேனியோ இங்கிலாந்தில் பிறந்தது. 1976 ஆம் ஆண்டில் அந்நாட்டில் 'ரோவர் 3500' என்ற சொகுசு வண்டி வெளிவந்தது. டேவிட் பேச் என்பவர் அதன் அழகிய வடிவத்தை அமைத்தார். 1977 ஆம் ஆண்டுக்குரிய சிறந்த வண்டி என ஐரோப்பா அதனைப் பாராட்டிற்று. 3,528 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், எட்டு உருளைகளும், 155 குதிரைத்திறனும் கொண்ட அலுமினிய இயந்திரமே அதன் உயிர்.

முன்பு வான்கார்டு, ஹெரால்டு ஆகிய வண்டிகளைச் செய்த சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம், 1985 இல் அந்த மேனியை நம் நாட்டுக்குக் கொணர்ந்தது. மேனி வந்தது, உயிர் வரவில்லை. பழைய வான்கார்டின் வழிவந்த, நான்கு உருளைகளும் 1,991 கன சென்டிமீட்டரும் உடைய இயந்திரமே அதனுட் பொருத்தப்பட்டது. ஃபெர்குசன் டிராக்டரை இயக்கியதும் அந்த இயந்திரத்தின் குலமே. உழைப்பில் அதற்குக் குறைவில்லை. ஆயினும் ரோவரின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே அதற்கு உண்டு. தேரில் உழவு மாட்டைப் பூட்டியது போலாயிற்று. வேகம் குன்றியது, எண்ணெய்ச் செலவு மிகுந்தது. 1988 இல் உற்பத்தியும் நின்றது.

கொட்டகையில் நின்ற வண்டியை ஆராய்ந்தேன். மலைப்பனியின் ஈரம் தன் வேலையைச் செய்திருந்தது. கதவுகளுக்கு அடியிலுள்ள தகட்டில் திருப்புளியை ஊன்றினேன். அது அப்பளத்தில் இறங்குவது போல் இறங்கிற்று. மேலே எத்துணைப் பளபளப்பாக வண்ணம் பூசினும், அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காவிடில் பயனில்லை. இயந்திரமும் இறுகிக் கிடந்தது. ஆயினும் அவ்வகை இயந்திரத்தில் உருளைக் குழல்கள் தனித்தனியே பொருத்தப்பட்டவை. தேய்ந்தவற்றைக் கழற்றி மாற்றலாம். இது நம்பிக்கை தந்தது.

"இந்த இயந்திரத்தை எறிந்துவிட்டுப் புதிய டீசல் இயந்திரம் வைத்துவிடுவேன், மாமா" என்றான் அவன்.

"அப்படியானால் இந்த வண்டியை ஏன் வாங்குகிறாய்?" என்றேன்.

"பழையதை வைத்தால் மலை ஏறத் திணறுமே!"

"திணறட்டும். எவ்வளவு திணறுகிறது என்று அளந்து பார். அதுவே உனக்குப் பாடம்."

மாணவ நண்பர்களே, ஒன்றைப் புதுப்பிப்பது வேறு. நமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்வது வேறு. நாள்தோறும் பயணம் செய்ய ஒருவர் மாற்றிக்கொண்டால் அதிற் பிழையில்லை. கற்க விரும்புகிறவனோ, முன்னோர் செய்த தவற்றையும் அவ்வாறே காக்க வேண்டும். அழகிய உடலும் பொருந்தா இயந்திரமும் சேர்ந்ததனால் என்ன நேர்ந்தது என்பதை, இந்த வண்டி உரைப்பது போல் நூல்களும் உரைக்கமாட்டா.

இன்னொரு செய்தியும் சொன்னேன். 2006 இல் சென்னையை அடுத்திருந்த அத்தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது, மீந்திருந்த ரோவர் உதிரி உறுப்புகளை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் நிறுவனம் வாங்கிச் சென்றது. நம்மிடம் தோல்வியுற்ற வண்டியின் உறுப்புகள், அங்கே பழைய ரோவர்களுக்கு வாழ்வளிக்கக் கடல் கடந்து போயின!

அவன் வண்டியை வாங்கிவிட்டான். உருளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாள்தோறும் கைத்திருகியால் சிறிது சிறிதாக அசைத்து வந்தான். இருபதாம் நாள் இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றியதாக எழுதியிருக்கிறான். தகட்டு வேலை இன்னும் முடியவில்லை. வண்டி என்று ஓடும் என்று நான் கேட்கவில்லை. அதுவரை என்ன கற்றாய் என்றே கேட்டு எழுதியிருக்கிறேன்.