ஹைதரை ஆக்கிய திண்டுக்கல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

  

ஹைதர் அலியின் வரலாற்றில் திண்டுக்கல்லுக்கு என்ன இடம் என்பது நம்மிடையே பழைய வழக்கு. வரலாறு எழுதும் நண்பர்களின் விடையை நீங்கள் அறிவீர்கள். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் எடுத்தார்; 1761இல் மைசூரின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது; நடுவே திண்டுக்கல்லில் பவுஜ்தாராக, அதாவது படையையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் அதிகாரியாக, இருந்தார். அவ்வளவுதான். அர்கன்சாஸ் மாநில ஆளுநராக இருந்த காலத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டு, பில் கிளின்டன் வரலாற்றை அமெரிக்காவில் எவரும் எழுதமாட்டார்கள். ஹைதருக்கு நாம் அதைத்தான் செய்துவருகிறோம். மைசூர்த் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் பெற்ற ஆட்சிக்கு அடித்தளம் இந்த ஊரில் இடப்பட்டது என்பதே என் முடிவு.

நியமனம்

1755இல் மைசூர்ப் படை திருச்சிராப்பள்ளி முற்றுகையில் ஒன்றும் சாதிக்காமல் திரும்பியிருந்தது. கருவூலம் வறண்டு கிடந்தது. பழனி, விருப்பாட்சிப் பாளையக்காரர்களை அடக்கிக் கப்பம் வாங்க, மைசூர் அமைச்சர் நஞ்சராஜர் ஹைதரை இங்கே அனுப்பினார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கைக் கவனிக்கக் கண்டே ராவ் என்பவர் உடனிருந்தார்.

அறுபத்தேழும் எழுநூறும்

பாளையக்காரர்களை வென்றதும் தலைநகருக்குப் பெருவெற்றிச் செய்தி போனது. பரிசுகளோடும் காயம்பட்டோருக்கான படித்தொகையோடும் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். மஞ்சள் தோய்த்த துணியைக் கையிலும் காலிலும் கட்டி 700 பேரை நிறுத்திக் காட்டினார் ஹைதர் என்று மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். படைத் தணிக்கையிலும் தலைக்கணக்கு இவ்வாறே கூட்டிக் காட்டப்பட்டதாம்.

இதைப் படித்த நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஹைதர் மோசடிக்காரர் என்பதற்கு இது சான்று என்கிறது ஒரு கட்சி. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்க்ஸ் கட்டிய அவதூறு என்கிறது மற்றது. வில்க்ஸின் முதல் தொகுதி 1810இல்தான் வந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல். எண்கள் ஊதியிருக்கலாம், ஒப்புகிறேன். ஆனால் இரு கட்சியும் ஹைதரின் குணத்தையே விசாரிக்கின்றன. நிர்வாகத்தை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரித்துப் பாருங்கள். படியளப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். ஆள் சேர்ப்பது, காயத்தைப் பதிவது, கணக்கு எழுதுவது எல்லாம் திண்டுக்கல். வந்த அதிகாரிக்குச் சரிபார்க்க வேறு ஏடு கிடையாது. பவுஜ்தார் காட்டியதே கணக்கு. மிஞ்சிய பணம் மேலும் ஆள் சேர்க்க உதவும்; சேர்ந்தவர்கள் சம்பளம் தரும் கையைத்தான் அறிவார்கள், தொலைவில் இருக்கும் அரசரை அறியமாட்டார்கள். மைசூர் தன் பணத்தைக் கொண்டே தனக்குப் போட்டியாக ஒரு படையை இந்தச் சமவெளியில் வளர்த்துவிட்டது.

பலன் 1758இல் தெரிந்தது. சம்பளப் பாக்கிக்காகத் தலைநகரில் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். நஞ்சராஜரால் தீர்க்க முடியவில்லை. இங்கிருந்து படையோடு போன ஹைதர்தான் பாக்கிக் கணக்கை அலசித் தீர்த்துவைத்தார். பொய்க் கணக்கு எப்படி எழுதப்படும் என்பதை அறிந்தவருக்கு அதைக் கழிக்கவும் தெரிந்திருந்தது. மூன்றாண்டுத் திண்டுக்கல் நிர்வாகம் இல்லையென்றால் அன்று அவர் வெறும் படைத்தலைவர்.

படைக்கலச் சாலை

பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் கைவினைஞர்களைக் கொண்டு இங்கே பீரங்கிப் பட்டறை அமைத்தார். படையோடு அதற்கு வேண்டிய படைக்கலமும் இங்கேயே உருவானதால், என் முடிவுக்கு இது இரண்டாம் சான்று.

தோல்வி

1757இல் மதுரைச் சீமைக்குள் புகுந்த ஹைதரை நத்தம் கணவாய் அருகே ஆங்கிலக் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப் கான் முறியடித்தார். தெற்கே வழி அடைபட்டதால்தான் வடக்கே தலைநகரை நோக்கித் திரும்பினாரா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இனிச் செய்ய வேண்டியவை

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலக் கம்பெனியார் எழுதிய பாளைய வருவாய் ஏடுகளை ஹைதர் காலத்தோடு ஒப்பிட வேண்டும். திண்டுக்கல் பேகம்பூரில் அவர் தங்கையின் கல்லறையை ஒட்டி வழங்கும் செய்திகளைத் தொகுக்க வேண்டும். 1755இல் அவர் ஒடுக்கிய விருப்பாட்சியே பின்னர் அவர் ஆதரவோடு சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்குப் புகலிடம் ஆனது. இந்த மாற்றத்தை விளக்க வேண்டும்.

மாணவர்களே, இவற்றில் ஒன்றையேனும் ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை ஹைதரைப் பற்றி எழுதும்போது திண்டுக்கல்லுக்கு ஒரு முழு இயல் ஒதுக்குங்கள்.