ஊர் புகழும் நூலும் ஒவ்வாத உள்ளமும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று என் குறையொன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வந்துள்ளேன். நாடே கொண்டாடும் ஒரு நூலோடு என் உள்ளம் ஒட்டவில்லை. கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' என்னும் புதினத்தையே சொல்கின்றேன். 1950 முதல் 1954 வரை கிழமை இதழில் தொடராக வந்தது. ஐந்து பகுதிகளாக நூலுருப் பெற்றது. அவர் நூல்கள் அரசுடைமையானபின் பதிப்பகங்கள் பலவும் அதனை அச்சிட்டு விற்கின்றன. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாகவும் வந்தபின், அதனை அறியாதார் அரியர் ஆயினர்.

"ஐயா, தமிழாசிரியராகிய தாங்கள் இன்னும் அதைப் படிக்கவில்லையா?" என்று மாணவன் ஒருவன் வகுப்பில் வினவினான். நாணினேன். கோடை விடுமுறையில் ஐந்து பகுதிகளையும் படித்து முடித்தேன்.

கதையோட்டம் என்னையும் இழுத்தது. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், பாட்டிலும் தொகையிலும் தோய்ந்த எனக்கு, வடசொல் விரவிய அந்நடை கல் கலந்த சோறுபோல் நெருடியது. பிறிதொன்றும் உறுத்தியது. இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரைக் குறிக்கின்றது. நந்தினி என்பவளோ கல்கியின் புனைவு. என் மாணவர்க்கு நந்தினியைத் தெரியும், கல்வெட்டைத் தெரியாது! வரலாற்றின் இருக்கையில் புனைவு அமர்ந்துவிட்டது.

அப்படியாயின் இலக்கக்கணக்கானோர் பிழைபட்டனரா? நான் ஒருவன்தான் தெளிந்தவனா? அன்று, தோழர்களே! பலர் விரும்புவதால் ஒரு நூல் உயர்ந்துவிடாது. பலர் விரும்புவதாலேயே தாழ்ந்துவிடவும் செய்யாது.

அம்மாணவனுக்குக் கல்வெட்டுச் செய்தியைச் சொன்னேன். அடுத்த ஞாயிறன்றே தோழர் இருவருடன் காட்டுமன்னார்கோயில் சென்று, உடையார்குடிக் கோயிற்சுவரில் அதனைத் தேடிக் கண்டு வந்தான். முப்பதாண்டுகளாக நான் நடத்திய பாடம் எவனையும் அச்சுவர்முன் நிறுத்தியதில்லை. அவனை நிறுத்தியது எனக்கு ஒவ்வாத அப்புதினமே!

அந்நூற்பெயரையும் எண்ணிப் பாருங்கள். பொன்னியும் தமிழ், செல்வனும் தமிழ். நல்ல தமிழ் மக்கள் நாவில் ஏறாது என்பார்க்கு அப்பெயரே விடை.

1916-இல் தனித்தமிழ் இயக்கங்கண்ட மறைமலையடிகள் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்னும் புதினமும் எழுதினார். கதை எழுதுதல் இழிவென்று அவர் கருதவில்லை. நாமோ மறுப்புரைகளை மலைபோல் குவித்தோம். இளையோர் இரவெல்லாம் விழித்திருந்து படிக்கத்தக்க தூய தமிழ்ப் புதினங்கள் எத்தனை தந்தோம்? விரல்விட்டு எண்ணுங்கள், விரல்கள் மிஞ்சும்.

எனக்கு ஒவ்வாதது ஒவ்வாததே. ஊரோடு ஒத்துப் பொய்ப்புகழ் பாடேன். ஆனால், ஒவ்வாமையையே புலமையென்று அணிந்து திரியவும் மாட்டேன். குறை கூறிய வாயாலேயே நல்ல கதை சொல்வோம். நல்ல தமிழில் சொல்வோம்!