டைல்ஸ் வெட்டும்போது தூசியைக் கவனிங்க

வீட்டிலேயே டைல்ஸ் வெட்டும் வீடியோக்களைச் செல்போனில் நிறையப் பேர் பார்க்கிறோம். அதுல பெரும்பாலும் சொல்லாத விஷயம், தூசி. போர்சலின் டைலைத் தண்ணீர் இல்லாமல் வெட்டினால் பறக்கும் வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கு. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வந்தால், குணப்படுத்த மருந்து கிடையாது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் போடுங்க.

நேர் வெட்டுக்கு மெஷினே வேண்டாம். கீறி உடைக்கிற கை டைல் கட்டர் போதும். பைப்புக்காக வளைத்து வெட்டணும்னா, தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷின்தான். சாதாரண கட்டிங் மெஷின் மேல் மக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஷாக் அடித்து உயிரே போகலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டும் மாட்டுங்க.

அப்புறம் சீலர். கடையில் தருகிறார்களே என்று தரை முழுக்கப் பூசாதீங்க. போர்சலின் உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. கிளேஸ் போட்ட டைலில் சீலர் இறங்காமல் மேலேயே பிசுபிசுக்கும். தண்ணீர் இறங்குவது இடுக்கில் உள்ள சிமென்ட் கிரவுட் வழியாக. அது 2, 3 நாள் காய்ந்த பிறகு அங்கே மட்டும் பூசுங்க, டைலில் பட்டதை உடனே துடைச்சிடுங்க.

ஆள் வைத்துச் செய்தாலும் தண்ணீர் விட்டே வெட்டச் சொல்லுங்க. தினமும் அந்தத் தூசியில் நிற்பவர் அவர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் இணையவழியில் பதியலாம். அவர் பதிந்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேளுங்க.